பஞ்சுக் கழிவுக்கு விலை உண்டு, கண்ணாடித் தாளுக்கு?

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி ஊர்களில் உள்ள ஆலைகளின் சரக்குக் கிடங்கைப் பார்த்தால் ஒரு மாறுதல் தெரியும். முன்பெல்லாம் சரக்கை மூடியது கோணி. கட்டியது சணல் கயிறு. இன்று மரத்தட்டின் மேல் நூல் பெட்டிகள் அடுக்கி இருக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். கயிறு இல்லை. முடிச்சு இல்லை. ஆணி இல்லை. ஆனாலும் பெட்டி ஆடுவதில்லை, சரிவதில்லை!

இந்தத் தாளுக்கு "ஸ்ட்ரெச் பிலிம்" என்று பெயர். இழுத்தால் நீளும் தாள் என்று பொருள். நூல், பனியன், பம்பு செட்டு, மாவு அரைக்கும் கிரைண்டர், தென்னை நார்க் கட்டி என்று கொங்கு நாட்டிலிருந்து வெளியூர் போகும் சரக்குகளில் பலவற்றுக்கு இது மேல்சட்டை போல ஆகிவிட்டது.

தாள் நல்லதுதான். சரக்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதன் வேலை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஒரு கத்தியால் கிழிக்கிறார்கள், சுருட்டி எறிகிறார்கள். பஞ்சில் ஒரு துணுக்கைக்கூட வீணாக்காத கொங்கு நாடு, இந்தத் தாளை மட்டும் ஏன் குப்பையில் போடுகிறது? இதுதான் கேள்வி.

பிறந்த கதை

வாழைக்காய் பழுக்கும்போது அதிலிருந்து ஒரு வாயு வரும். அதன் பெயர் எத்திலீன். இந்தத் தாளுக்கு மூலப்பொருளும் அந்த எத்திலீன் வாயுதான். ஆனால் தொழிற்சாலைக்கு வேண்டிய எத்திலீன் வாழைக்காயிலிருந்து வருவதில்லை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும், பூமிக்கு அடியில் கிடைக்கும் வாயுவிலிருந்தும் எடுக்கிறார்கள்.

1933-ம் ஆண்டு, இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பாசெட், கிப்சன் என்று இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். எத்திலீனை வேறொரு பொருளுடன் சேர்த்து மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பாத்திரத்தில் மெழுகு போல வெள்ளையாக ஏதோ ஒட்டி இருந்தது. அதுதான் பாலிஎத்திலீன்! மளிகைக் கடைப் பைக்கும், தண்ணீர்க் குடத்துக்கும், தோட்டத்துக் குழாய்க்கும் அதுவே மூலம்.

பாலிஎத்திலீனில் பல தினுசு உண்டு. ஆயிரக்கணக்கான எத்திலீன் அணுத்திரள்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்கின்றன. சங்கிலி நேராக இருந்தால் பொருள் கெட்டியாக இருக்கும். மரம் போலக் கிளை விட்டுப் படர்ந்தால் மெத்தென்று இருக்கும். நேர்ச் சங்கிலியில் சின்னச் சின்னக் கிளை மட்டும் இருந்தால்? இழுக்கும்போது சங்கிலிகள் ஒன்றை ஒன்று வழுக்கி நீளும். ஆனால் எளிதில் அறுந்துபோகாது. அந்தத் தினுசுக்கு எல்.எல்.டி.பி.இ. என்று பெயர். அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது 1970-களின் கடைசியில். அதன் பிறகுதான் இழுத்துச் சுற்றும் தாள் உலகம் முழுவதும் பரவியது.

செய்வது எப்படி?

மூலப்பொருள் சின்னக் குருணையாக, ஜவ்வரிசி போல மூட்டையில் வரும். அது கொங்கு நாட்டில் உற்பத்தி ஆவதில்லை. குஜராத்தில் ஹசிரா, தாஹேஜ், உத்தரப் பிரதேசத்தில் பாட்டா, மேற்கு வங்காளத்தில் ஹால்தியா போன்ற இடங்களில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. குருணையை வாங்கித் தாளாக்கும் வேலையை எந்திரம் உள்ள எந்த ஊரிலும் செய்யலாம்.

குருணையை எந்திரத்தின் வாயில் கொட்டுகிறார்கள். உள்ளே நீண்ட திருகு ஒன்று சுற்றுகிறது. மாவு பிசைவது போல அது குருணையைப் பிசைந்து தள்ளும். 200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு. குருணை பாகாக உருகுகிறது. சல்லடையில் வடிகட்டி, மயிரிழை போன்ற ஒரு நீளமான வாய் வழியாக வெளியே விடுகிறார்கள். தோசைக்கல்லில் மாவு விரிவது போல, அகலமான திரையாக இறங்குகிறது. கீழே பளபளப்பான உருளை. அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. பாகு அதில் பட்டவுடன் இறுகித் தாள் ஆகிவிடுகிறது. சட்டென்று குளிர்வதால்தான் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது.

இன்னொரு முறையும் உண்டு. உருகிய பாகை வட்டமான வாய் வழியாக விட்டு, நடுவே காற்றை ஊதிப் பெரிய பலூன் போல எழுப்புவார்கள். அது ஆறியதும் தட்டையாக்கிச் சுருட்டுவார்கள். இந்தத் தாள் கொஞ்சம் மங்கல். ஆனால் குத்தினாலும் தாங்கும். முனை கூரான சரக்குக்கு இது ஏற்றது.

ஒரு தாளிலேயே 3, 5, 7 அடுக்குகள் இருப்பது உண்டு. நடு அடுக்கு பலம் கொடுக்கும். மேல் அடுக்கு ஒட்டிக்கொள்ளும். பசை தடவாமலே தாள் தன்மேல் தானே ஒட்டுகிறதே, அது எப்படி? பாலிஐசோபியூட்டிலீன் என்ற பிசுபிசுப்பான பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். சில தாள் ஒரு பக்கம் மட்டும் ஒட்டும். இல்லாவிட்டால் லாரியில் பக்கத்தில் நிற்கும் சரக்கோடு ஒட்டிக்கொண்டு, இறக்கும்போது கிழிந்துவிடும் அல்லவா?

தாள் செய்யும்போது ஓரத்தை வெட்டுவார்கள். அந்த ஓரக் கழிவு குப்பைக்குப் போவதில்லை. அங்கேயே மறுபடி எந்திரத்துக்குள் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சுத்தமாக இருக்கும்வரை இந்தப் பிளாஸ்டிக்குக்குக் கழிவு என்ற பெயரே கிடையாது!

நூற்பு ஆலையில் தெரிந்த வித்தை

இந்தத் தாளின் குணத்தைக் கோவை மில் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பின்னிங்கில் ஜோடி ஜோடியாக உருளைகள் இருக்கும். பின்னால் உள்ளது மெதுவாகச் சுற்றும். முன்னால் உள்ளது வேகமாகச் சுற்றும். நடுவில் அகப்பட்ட பஞ்சு இழுபட்டு மெலிகிறது. தாள் சுற்றும் எந்திரத்திலும் அதே ஏற்பாடுதான். இரண்டு உருளைகள், இரண்டு வேகம். தாள் சரக்கைத் தொடும் முன்பே இழுபட்டு நீண்டுவிடுகிறது. ஒரு மீட்டர் தாள் மூன்றரை மீட்டர் வரை ஆகும்!

இழுபட்ட தாள் சும்மா இருப்பதில்லை. ரப்பர் போலப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. திரும்ப முடியாமல் சரக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கட்டுக்குப் பலம் தருவது தாளின் கனம் அல்ல, இந்த இறுக்கம்தான். இது தெரியாமல் பலர் தளர்வாகப் பத்துச் சுற்று சுற்றுகிறார்கள். இழுத்துச் சுற்றினால் அதில் பாதியே போதும்.

தாளின் கனம் பெரும்பாலும் 17 முதல் 23 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான். அப்படியானால், மயிரில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத தாள் 1 டன் சரக்கைக் கட்டிப் பிடிக்கிறது!

குறைகளும் இருக்கின்றன. ஓரத்தில் சிறு வெட்டு விழுந்தால் இழுக்கும்போது கடைசிவரை கிழியும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் நொறுங்கும். பஞ்சுத் தூசி படிந்தால் ஒட்டாது. ஈரம் வெளியே போகவும் விடாது. உள்ளே ஈரச் சரக்கு இருந்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சரியாகக் காயாத மஞ்சளையோ, பச்சைக் காய்கறியையோ இதில் மூடிக் கட்டக்கூடாது. காய்கறிக்கு வலை போன்ற தினுசு தனியாக இருக்கிறது.

ஒரு கணக்கு

நூல் பெட்டிகள் அடுக்கிய ஒரு மரத்தட்டை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 1.2 மீட்டர், அகலம் 1 மீட்டர். ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர் தாள் வேண்டும். அடியிலும் மேலும் கூடுதலாகச் சேர்த்து 15 சுற்று என்றால், சரக்கின் மேல் 66 மீட்டர் தாள் இருக்கும்.

அரை மீட்டர் அகலம், 23 மைக்ரான் கனம் உள்ள தாளில் ஒரு மீட்டரின் எடை பத்தரை கிராம். கையால் சுற்றுகிறவர் ஒரு மீட்டரை ஒன்றரை மீட்டராக இழுத்தால், சுருளிலிருந்து 44 மீட்டர் போகும். எடை 460 கிராம் சொச்சம். எந்திரம் அதே ஒரு மீட்டரை மூன்றரை மீட்டராக இழுத்தால், 19 மீட்டரே போதும். எடை 200 கிராம்.

ஒரு நாளைக்கு 100 தட்டு அனுப்பும் ஆலையில் மிச்சம் எவ்வளவு? 26 கிலோ! வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 7,800 கிலோ. இவ்வளவும் வாங்காமலே மிச்சம் ஆகிற பிளாஸ்டிக். இதில் முதலாளிக்குப் பணம் மிச்சம். ஊருக்குக் குப்பை மிச்சம்.

தொழிலாளிக்கும் லாபம் உண்டு. கையால் சுற்றுகிறவர் குனிந்தபடி, பின்பக்கமாகவே நடந்து சரக்கைச் சுற்றி வருகிறார். இடுப்பு வலிக்கும். தலை சுற்றும். கால் தடுக்கினால் விழ வேண்டியதுதான். சுழலும் மேடை உள்ள எந்திரத்தில் தட்டு சுற்றும், ஆள் நிற்கலாம்.

கப்பலுக்கு வேண்டும்; பக்கத்து ஊருக்கு எதற்கு?

தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறும் நூலுக்கு இந்தத் தாள் தேவை. வாரக்கணக்கில் கடலில் ஆட வேண்டும். உப்புக் காற்றைத் தாங்க வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கோவையிலிருந்து திருப்பூருக்குப் போகும் நூலுக்கு? தூரம் சுமார் 50 கிலோமீட்டர். காலையில் ஏற்றினால் மத்தியானம் இறக்கிவிடுகிறார்கள். அந்த அரை நாள் பயணத்துக்கு ஒரு தாளைச் சுற்றிக் கிழித்து எறிவது என்ன கணக்கு? தார்ப்பாய் இருக்கிறது. கயிறு இருக்கிறது. திரும்பத் திரும்பப் பயன்படும் சாக்கும், பட்டை வைத்த உறையும் இருக்கின்றன. ஆலைக்கும் பனியன் கம்பெனிக்கும் தினமும் வண்டி போய் வருகிறது. வரும் வண்டியில் வெறும் சாக்கைத் திருப்பி அனுப்புவதில் சிரமம் என்ன?

பழகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கழிவை வீணாக்காத நாடு

கொங்கு நாட்டுக்குக் கழிவைக் காசாக்கத் தெரியும். மில்லில் சீவி எடுத்த குட்டைப் பஞ்சை யாரும் எறிவதில்லை. அதில் மொத்த நூல் நூற்கிறார்கள். துண்டும் போர்வையும் நெய்கிறார்கள். கரன்சி நோட்டுக் காகிதம் செய்யவும் அந்தப் பஞ்சு போகிறது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துணித் துண்டைக்கூட நிறவாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, மறுபடி நூலாக்குகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க் கழிவு ஒரு காலத்தில் சாலை ஓரத்தில் மலை மலையாகக் கிடந்தது. இன்று அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலில் அனுப்புகிறார்கள். மண் இல்லாமல் செடி வளர்க்க வெளிநாட்டார் வாங்குகிறார்கள்.

பாடம் கசப்பாக வந்ததும் உண்டு. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்டார்கள். ஆறு கெட்டது. ஒரத்துப்பாளையம் அணை பாழானது. 2011-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திண்டாடின. அதன் பிறகுதான் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் முறை ஊன்றியது. முன்பே செய்திருந்தால் அந்தத் திண்டாட்டம் வந்திருக்காது.

தாள் விஷயத்திலும் கோர்ட்டு வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஒரு கிலோ தாளை விரித்தால் எவ்வளவு இடத்தை மூடும் தெரியுமா? 47 சதுர மீட்டர். அதாவது, சுமார் 500 சதுர அடி. ஒரு சின்ன வீட்டின் தரை முழுவதும்! அது சாக்கடைக்குள் போனால் தண்ணீரை மறிக்கும். வயலில் புதைந்தால் மழைநீர் இறங்காது, வேரும் இறங்காது. மாடு தின்றால் இன்னும் மோசம். மாட்டுக்கு நாக்கால் சுழற்றி விழுங்கத்தான் தெரியும். பொறுக்கித் தின்னத் தெரியாது. விழுங்கிய தாள் செரிக்காது; வெளியேறாது. வயிற்றிலேயே பந்தாகத் திரளும். காங்கேயம் காளைக்குப் பேர்போன சீமையில், குப்பைமேட்டுத் தாளைத் தின்று மாடு சாவது பெருமையா?

கோவையின் குப்பை வெள்ளலூர்க் கிடங்குக்குப் போகிறது. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் அங்கே பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆயிற்று. சுற்றுப்புறத்து மக்கள் புகையில் தவித்தார்கள். எளிதில் பற்றும் பொருள் குப்பையில் குறைந்தால் தீக்கு இரையும் குறையும். பாலிஎத்திலீன் மெழுகைப் போல எரியக்கூடியது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் பல 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தடை செய்யப்பட்டன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் அதில் ஒன்று. 2022-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி மத்திய அரசின் தடை வந்தது. இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின் மேல் சுற்றும் தாள் அதில் அடங்கியது. ஆலைச் சரக்கைச் சுற்றும் தாள் அந்தத் தடையில் இல்லை.

தடை இல்லை என்றால் பொறுப்பு இல்லை என்று அர்த்தம் அல்ல. பொதி கட்டும் பிளாஸ்டிக்கைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவரே அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பொதியில் ஒரு பங்கு பழைய பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்றும் அது இலக்கு வைத்தது. ஆகவே சுத்தமான பழைய தாளுக்குத் தேவை ஏறப்போகிறது. அதை இன்றே சேர்த்து வைப்பவருக்கு நாளை நல்ல விலை கிடைக்கும்.

சுத்தம் என்பதுதான் இதில் உயிர். பழைய தாளைக் கழுவி, சுருக்கி, உருக்கினால் மறுபடி குருணை ஆகிவிடும். கறுப்புப் பையும், தோட்டத்துக் குழாயும், தரையில் விரிக்கும் தாளும் செய்யலாம். ஆனால் காகித லேபிள், பசை நாடா, மண், சோற்றுப் பருக்கை இவை சேர்ந்துவிட்டால் குருணை கெட்டுவிடும். மெல்லிய தாளில் ஒரு மண்துகள் இருந்தாலும் அந்த இடத்தில் கிழியும். வீட்டுக் குப்பையோடு சேர்ந்து நாறிய தாளைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூடத் தொடமாட்டார்.

ஆலையிலும் கிடங்கிலும் கழியும் தாளோ, ஒரே தினுசு. ஒரே இடத்தில் விழுகிறது. அழுக்கும் அதிகம் இல்லை. பிளாஸ்டிக் கழிவில் இதைவிடச் சுலபமாகச் சேகரிக்கக் கூடியது வேறு என்ன இருக்கிறது? சரக்கு இறக்கும் வாசலில் ஒரு பெரிய சாக்கைத் தொங்கவிட்டால் போதும். லேபிளைத் தாளின் மேல் ஒட்டாமல் பெட்டியின் மேல் ஒட்டினால் இன்னும் நல்லது. சின்னக் கடைகளில் சாக்கு நிறைய நாளாகும். ஒரு தெருவுக் கடைக்காரர்கள் சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஒரே வண்டியில் அனுப்பலாம். நகராட்சியும் பஞ்சாயத்தும் அதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பொறுக்கிச் சேர்க்கும் தொழிலாளிக்கு எடைக்கு ஏற்ற கூலியும் கையுறையும் கொடுக்க வேண்டும். நான்கு பை நிறைந்தாலும் கிலோக் கணக்கில் எடை ஏறாத சரக்கு இது. பழைய இரும்பைப் போல எண்ணிக் கூலி பேசினால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வரும் தாள்

இந்தத் தாள் வீட்டுக்கும் வருகிறது. புதுப் பீரோ, மெத்தை, கிரைண்டர் வாங்கினால் கூடவே வரும். தாய்மார்கள் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சிலர் அதைப் பத்திரப்படுத்தி, மீந்த சோற்றுக்கும் பலகாரத்துக்கும் மூடி போடுகிறார்கள். கூடாது. சரக்குத் தாள் உணவுக்காகச் செய்தது அல்ல. அதில் என்ன கலந்திருக்கிறது, எந்தத் தரையில் உருண்டு வந்தது என்பது தெரியாது. தட்டுப் போட்டு மூடினால் போதும். இலையும் இருக்கிறது.

குழந்தைகள் அதை எடுத்து முகத்தில் சுற்றி விளையாடுவதும் ஆபத்து. தாள் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் சின்னக் குழந்தையால் பிய்த்து எடுக்க முடியாது. பிரித்த உடனே கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது.

பீரோவை இறக்கிவைக்கும் ஆள், தாளைக் கிழித்து வாசலில் போட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். வண்டி நகருவதற்கு முன்பே, "இதையும் எடுத்துக்கொண்டு போங்கள், அண்ணா. கடையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி அந்தச் சுருளை வண்டியிலேயே ஏற்றிவிடலாம்.